நீல வெளிச்சத்தில் கிடந்தவள்

ஆகஸ்ட் 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதறேன். இங்க ரெண்டு பேரும் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கு? போன கடிதத்துல அதைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அப்படின்னா ஜாஸ்தியாயிருக்குன்னு அர்த்தம்.

நான் வேலை மாறிட்டேன். கான்ட்ராக்ட் வேலைன்னு ஊரெல்லாம் அலைஞ்சது போதும்னு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில எலக்ட்ரீஷியனா சேர்ந்துட்டேன். எட்டு மாடி. எங்கேயாவது ஒரு லைட் கண்ணைச் சிமிட்டிக்கிட்டே இருக்கும், நான் ஏணியைத் தூக்கிக்கிட்டு ஓடிக்கிட்டே இருப்பேன். பச்சைக் குழந்தைங்க வார்டும் என் பொறுப்புதான். அந்த வார்டு எதுக்குடான்னு நீ கேப்பே. கொடுத்தாங்க, வாங்கிக்கிட்டேன். நம்ம பெரியவன் பிறந்து அரை நாள் இருந்துட்டுப் போனது வேற ஆஸ்பத்திரி. ஆனா அந்த வார்டு வாசனை மட்டும் எல்லா இடத்துலயும் ஒண்ணுதான் போல.

இங்க நர்ஸுங்க எல்லாரையும் சிஸ்டர்னு கூப்பிடணும். எனக்கு வாய் தடுக்குது. நீ மடத்துல சேர்ந்தும் உன்னை நான் என்னைக்காவது சிஸ்டர்னு கூப்பிட்டிருக்கேனா? தலைமை நர்ஸ் என் தோளுக்குக்கூட வர மாட்டாங்க, அவங்களுக்குப் பேரு பெரிய சிஸ்டர். நேத்து உள்ளே போனா, "உங்க கையைக் கழுவியாச்சு, சரி. ஏணியைக் கழுவியாச்சா?"ன்னு கேட்டாங்க. சிரிக்கிறாங்களோன்னு பார்த்தேன். இல்ல. ஏணியைத் துடைச்சுக் கொண்டுபோனேன்.

கோயிலுக்குப் போறியான்னு ஒவ்வொரு கடிதத்துலயும் கேக்கறே. மூணு வருஷமா போகல, இன்னும் போகல. உன் தம்பி பொண்டாட்டி ஞாயித்துக்கிழமை தவறாம போறா. நான் வாசல்ல ஸ்கூட்டர் மேல உக்காந்திருக்கேன். அதுக்கு ஏதாவது பலன் இருந்தா எழுது.

உன் தம்பி

*

செப்டம்பர் 9

பிரியமுள்ள தம்பிக்கும், தம்பியின் வீட்டுக்காரிக்கும்,

ஆண்டவருடைய சமாதானம் உங்கள் வீட்டில் நிறைந்திருக்கட்டும். நான் நன்றாக இருக்கிறேன். முழங்காலும் தன் இஷ்டப்படி நன்றாக இருக்கிறது. என் இஷ்டப்படி இல்லை.

ஸ்கூட்டரில் உட்கார்ந்திருப்பதற்குப் பலன் உண்டா என்று எங்கள் மடத்து மதரிடமே கேட்டுவிட்டேன். "வாசல்வரைக்கும் வர்றாரா?" என்றார். முகத்தைப் பார்த்தால் சந்தோஷமாகத்தான் இருந்தது.

இங்கே மெழுகு உருக்கும் வேலை தொடங்கிவிட்டது. கிறிஸ்மஸுக்கு முந்தின நாலு வாரத் திருவருகைக் காலத்து மெழுகுதிரிகளுக்கு இப்போதே கோயில்களிலிருந்து ஆர்டர் வருகிறது. இருபது வருஷமாகச் செய்கிறேன், இன்னும் நூல் விஷயத்தில் ஏமாறுகிறேன். நூல் தடித்துப்போனால் புகைகிறது. மெலிந்துபோனால் தன் மெழுகிலேயே முங்கி அணைந்துபோகிறது. நீ மின்சாரம், நான் மெழுகு. அப்பா இருந்திருந்தால், ஒரே வீட்டில் போட்டிக் கடை என்று சிரித்திருப்பார்.

உன் கடிதத்தின் ஓரத்தில் உன் வீட்டுக்காரி எப்போதும் இரண்டு வரி எழுதுவாள். இந்தத் தடவை காணோம். சுகம்தானே?

அன்புடன்,
அக்கா

*

அக்டோபர் 20

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுத லேட்டாயிடுச்சு, கோவிச்சுக்காதே. அவ சுகமாத்தான் இருக்கா. ஸ்கூலுக்கு லீவு போட்டிருக்கா. கொஞ்சம் அசதி, வேற ஒண்ணும் இல்ல.

வார்டுல நீல லைட் ஒண்ணு இருக்கு, அதைப் பத்தி உன்கிட்ட சொல்லணும். பிறந்த குழந்தைக்கு மஞ்சள் காமாலை வந்தா உடம்புல துணி இல்லாம அதுக்குக் கீழே படுக்கப்போடறாங்க. ஊசி கிடையாது, மருந்து கிடையாது. வெளிச்சம்தான் மருந்து. தோல் வழியா உள்ளே போய் ரத்தத்துல இருக்கிற மஞ்சளைக் கரைக்குதாம். கண் கெட்டுப்போகக் கூடாதுன்னு கண்ணை மட்டும் துணியால கட்டிடறாங்க. முதல் தடவை பார்த்தப்போ ஸ்க்ரூடிரைவரைக் கையில வெச்சுக்கிட்டு அப்படியே நின்னுட்டேன். இத்தனை வருஷம் வெளிச்சத்தோடயே குப்பை கொட்டறேன், அது இப்படியெல்லாம் செய்யும்னு எனக்குத் தெரியாது.

அந்த பல்புல ஒரு சங்கதி இருக்கு. பழசாயிட்டா சக்தி போயிடும், ஆனா எரியறது எரிஞ்சுக்கிட்டேதான் இருக்கும். கண்ணால பார்த்தா வித்தியாசமே தெரியாது. மீட்டர் வெச்சு அளந்தாத்தான் தெரியும். அளக்கறது என் வேலை.

ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதே. சுவிட்சைப் போட்டா வெளிச்சம் வந்துடுது. நாலு வாரம், வாரத்துக்கு ஒரு திரின்னு எதுக்கு இழுக்கறீங்க? கடவுள்தான் வெளிச்சம்னா ஒரேயடியா வந்துட்டுப் போகட்டுமே. யாரு தடுக்கறா?

உன் தம்பி

*

நவம்பர் 12

பிரியமுள்ள தம்பிக்கு,

சமாதானம். உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். நீல வெளிச்சத்தைப் பற்றி இங்கே எல்லோருக்கும் சொன்னேன். சாப்பாட்டு மேசையில் எழுபது வயதுச் சகோதரி ஒருவர், "கண்ணைக் கட்டிட்டா குழந்தை பயப்படாதா?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்து எழுது.

நீ கேட்டதில் தப்பில்லை. நானும் அதைக் கேட்டிருக்கிறேன். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். முதல் ஞாயிறுக்கு முந்தின சாயங்காலம் இங்கே கோயிலில் எல்லா விளக்கையும் அணைத்துவிடுவோம். பிறகு ஒரே ஒரு திரி. அது கோயிலை வெளிச்சமாக்காது. பக்கத்தில் முழங்காலிட்டிருப்பது யார் என்றுகூடத் தெரியாது. ஆனால் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியும். முதல் வாரத்துக்கு அது போதும் என்று திருச்சபை நினைக்கிறது போல. அவர் ஒரேயடியாக வந்திருக்கலாம்தான். ஆனால் மனுஷியின் வயிற்றில் மாதக் கணக்கில் இருந்து வந்தார். வெளிச்சமே இருட்டுக்குள் இருந்து வளர்ந்தது.

நான்கு திரி அனுப்புகிறேன். மூன்று ஊதா, ஒன்று இளஞ்சிவப்பு. அது மூன்றாம் ஞாயிறுக்கு; காத்திருப்பின் நடுவில் கொஞ்சம் சந்தோஷப்பட்டுக்கொள்ள.

இங்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். முதல் ஞாயிறிலிருந்து கிறிஸ்மஸ்வரை கடிதம் எழுதுவதில்லை, வாங்குவதும் இல்லை. வருவதையெல்லாம் மதர் ஒரு டப்பாவில் போட்டு வைத்து, கிறிஸ்மஸ் அன்று காலையில்தான் கொடுப்பார். அதற்காக நீ எழுதாமல் இருந்துவிடாதே.

அசதி என்று எழுதியிருந்தாய். நான் ஒன்றும் கேட்கவில்லை.

அன்புடன்,
அக்கா

*

டிசம்பர் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சுகமா இருப்பேன்னு நம்பறேன். கிறிஸ்மஸ்வரைக்கும் இதை நீ படிக்க மாட்டே. அதனாலதான் எழுத முடியுது.

அவ உண்டாகியிருந்தா. உன்கிட்ட சொல்லல. யார்கிட்டயும் சொல்லல. சொன்னா கலைஞ்சுடுமோன்னு பயம். பெரியவன் வந்தப்போ ஊரெல்லாம் சொன்னேன், உனக்குத் தெரியும். இந்தத் தடவை நாங்க ரெண்டு பேரும் வீட்டுக்குள்ளகூட அதைப் பத்திச் சத்தமாப் பேசிக்கிட்டதில்ல. உன் கடிதத்து ஓரத்துல எழுத உக்காருவா. "நான் எழுதினா அக்கா கண்டுபிடிச்சுடுவாங்க"ன்னு பேனாவை வெச்சுடுவா.

ஞாயித்துக்கிழமை சாப்பாட்டு மேசையில உன் முதல் திரியை ஏத்தினா. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன். "நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம், சும்மா பாருங்க போதும்"னா. பார்த்தேன். நேத்து மத்தியானம் வலி வந்துடுச்சு. நாள் நிறைய இன்னும் ரெண்டு மாசம் கிட்டே இருக்கு அக்கா. பொண்ணு. ஒரு கிலோ சொச்சம். என் வார்டுலதான் இருக்கா, நான் வயர் இழுத்த சுவர்ப் பக்கத்துல.

பெரிய சிஸ்டர் கூட்டிக்கிட்டுப் போய்க் காட்டினாங்க. என் கை நீளம்கூட இல்ல. "தொடலாமா?"ன்னேன். "கையைக் கழுவுங்க"ன்னாங்க. கழுவினேன். மறுபடியும் கழுவினேன். அப்புறமும் தொடல.

மடத்துக்கு போன் பண்ணினா அவசரம்னு உன்னைக் கூப்பிடுவாங்க. நான் பண்ணல. உன் குரலைக் கேட்டா உடைஞ்சுடுவேன். இங்க ஒருத்தராவது உடையாம நிக்கணும்.

தம்பி

*

டிசம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

அவளுக்கு உடம்பு தேறுது, எழுந்து உக்காருறா. குழந்தைக்கு மஞ்சள் காமாலை. நீல லைட்டுக்குக் கீழே போட்டிருக்காங்க.

போடறதுக்கு முன்னால பெரிய சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு, "இந்த லைட்டை வேற ஆளை விட்டு அளக்கச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டாங்க. "நானே பண்றேன்"னேன். மீட்டரை அவ படுக்கற இடத்துல வெச்சேன். கை ஆட ஆட முள்ளும் ஆடுச்சு. அவங்க என் மணிக்கட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. முள் நின்னுச்சு. சக்தி நல்லா இருந்துச்சு.

அப்புறம் கண்ணைக் கட்டி உள்ளே படுக்க வெச்சாங்க. அக்கா, உங்க எழுபது வயசு சிஸ்டர் கேட்டாங்களே, அதுக்குப் பதில் இப்போ எனக்குத் தெரியும். அவ பயப்படல. காலை நீட்டி, கையை விரிச்சு, வெயில்ல காயற பூனை மாதிரி கிடக்கா. அவளைச் சுத்தி எல்லாப் பக்கமும் வெளிச்சம். அவளுக்கு ஒண்ணும் தெரியல. அவளைப் பொறுத்தவரைக்கும் ராத்திரி. ஆனா வெளிச்சம் அவளைக் கேக்காமலே உள்ளே போய் வேலை செய்யுது. தினமும் ரத்தம் எடுத்துப் பார்த்து, "குறையுது"ங்கறாங்க. நான் கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்த்துக்கிட்டே இருக்கேன். இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. கோயிலுக்குள்ள செருப்பைப் போட்டுக்கிட்டு வந்துட்டோமோன்னு திடீர்னு தோணுமே, அப்படித் தோணுது.

ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய் ரெண்டாவது திரியை ஏத்திட்டு வாங்கன்னு அவ விரட்டினா. போய் ஏத்தினேன். தனியா உக்காந்தேன். வேண்டிக்கத் தெரியல. திரி பாட்டுக்கு எரிஞ்சுது.

தம்பி

*

டிசம்பர் 17

அக்கா,

சுகம் விசாரிக்கத் தெம்பு இல்ல, மன்னிச்சுக்கோ.

ஞாயித்துக்கிழமை குழந்தையை நீல லைட்டுல இருந்து எடுத்துட்டாங்க. சந்தோஷமா வீட்டுக்குப் போய் அந்த இளஞ்சிவப்புத் திரியை ஏத்தினேன். மறுநாள் ரத்தத்துல கிருமின்னுட்டாங்க. மூச்சை மறந்து மறந்து போறா. பெரிய சிஸ்டர் உள்ளங்காலைச் சுண்டுவாங்க, உடனே ஞாபகம் வந்த மாதிரி இழுப்பா. மஞ்சளும் திரும்பிடுச்சு. மறுபடியும் கண்கட்டு, மறுபடியும் நீல லைட்.

நேத்து சாயங்காலம் டாக்டர், "கூப்பிட வேண்டியவங்களைக் கூப்பிட்டுக்கோங்க"ன்னார். குழந்தையோட அம்மா அழல. "ஞானஸ்நானம் கொடுக்கணும், பெரியவனுக்குக் கொடுக்க முடியாமப் போச்சு"ன்னா. சாமியாருக்கு போன் பண்ணினேன். அவர் தூரத்துல ஒரு சாவு அடக்கத்துல இருந்தார். "நான் வந்து சேர நேரமாகும். அவசரத்துக்கு யார் வேணும்னாலும் கொடுக்கலாம், நீங்களே கொடுங்க"ன்னார்.

"நான் கோயிலுக்கே போறதில்ல, நீ கொடு"ன்னேன் இவகிட்ட. "என்னால கை தூக்க முடியல. நீங்கதான்"னா.

பெரிய சிஸ்டர் ஒரு சிரிஞ்சுல சுத்தமான தண்ணி எடுத்துக் கொடுத்தாங்க. "ஒரு சொட்டு போதுங்க. குளிர்ந்துடக் கூடாது"ன்னாங்க. அவங்க நம்ம மதம் இல்ல. ஆனா தலையில இருந்த தொப்பியைச் சரி பண்ணிக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. ஞானஸ்நானத்துல திரி ஏத்திக் கையில கொடுப்பாங்களே, அது இங்க முடியாது. ஆக்சிஜன் இருக்கிற இடத்துல நெருப்புக் கூடாதுன்னு நான்தான் போர்டு மாட்டினேன். அதனால அந்த நீல லைட்டுக்குக் கீழேயே, சொல்ல வேண்டியதைச் சொல்லி, மூணு சொட்டு விட்டேன். ஒரு சொட்டுன்னு சொன்னாங்க, பிதா, சுதன், ஆவிக்கு ஒவ்வொண்ணுன்னு மூணு விட்டேன். தண்ணி நெத்தியில நின்னு நீலமா மின்னிச்சு. அந்த நேரத்துல யாரோ உள்ளே வந்த மாதிரி இருந்துச்சு. திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்ல. திரும்பிப் பார்த்தது நான் மட்டும் இல்ல.

பேரு உன்னோட பழைய பேரு. மடத்துக்குப் போனப்போ விட்டுட்டுப் போனியே, அது வீட்டுல சும்மாதானே கிடக்கு. எடுத்துக்கிட்டோம்.

எனக்குத் தெரிஞ்சதெல்லாம் பண்ணிட்டேன் அக்கா.

தம்பி

*

டிசம்பர் 25

என் தம்பி,

உனக்கும் அவளுக்கும் இந்த நாளின் சமாதானம். குழந்தைக்கும் என்று எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். குழந்தைக்கும்.

பூசை முடிந்து மதர் டப்பாவைத் திறந்தார். உன்னுடையது மூன்று கடிதம். மெழுகு அறைக்கு எடுத்துப்போய் வரிசையாகப் படித்தேன். மூன்றாவதை முடித்ததும் ஓடிப்போய், "இன்னொன்று இருக்குமே மதர்" என்றேன். அவர் டப்பாவைக் கவிழ்த்தே காட்டினார். நாலாம் வாரத்துக்கு ஒன்றும் இல்லை. அவரே போன் போட்டுக் கொடுத்தார். அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி போன் நம்பர் யாருக்கும் தெரியவில்லை. அதனால் அவள் இருக்கிறாளா என்று தெரியாமல்தான் இதை எழுதுகிறேன்.

நீ உன் பயத்தைச் சொன்னாய், நானும் ஒன்று சொல்கிறேன். பெரியவன் போன நாளிலிருந்து எனக்குள் ஜெபம் வரவில்லை. எல்லோரோடும் பாடுகிறேன், எல்லோரோடும் சொல்கிறேன். தனியாக இருந்தால் உள்ளே ஒரு வார்த்தை கிடையாது. கும்மிருட்டு. வெளிச்சத்தைப் பற்றி உனக்கு எழுதியதெல்லாம் அங்கே உட்கார்ந்து எழுதியதுதான். பொய் எழுதவில்லை. பார்த்து எழுதவில்லை, அவ்வளவுதான்.

இன்று காலையில் மெழுகு அறையில், உன் கடிதம் மடியில் கிடக்க, வார்த்தை வந்தது. அந்தப் பேர்தான் வந்தது. இருபது வருஷமாக யாரும் கூப்பிடாத பேர். என் வாயாலேயே அதைச் சொல்லி, "இவளைப் பார்த்துக்கொள்ளும்" என்றேன். யாருக்காகக் கேட்கிறேன் என்று எனக்கே குழம்பிப்போனது. நான் அவளா, அவள் நானா என்று தெரியாமல் திரும்பத் திரும்பச் சொன்னேன். சமையலறையிலிருந்து கூப்பிடும்வரை எழுந்திருக்கவில்லை.

அவள் கண் கட்டிக்கொண்டு வெளிச்சத்துக்குள் கிடந்தாள் என்று எழுதியிருந்தாய். நானும் இத்தனை நாள் அப்படித்தான் கிடந்தேனோ என்னவோ.

எதுவாக இருந்தாலும் எழுது. எதுவாக இருந்தாலும்.

அக்கா

*

ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

இருக்கா. முதல்ல அதைச் சொல்லிடறேன். இருக்கா அக்கா.

உன்னை அப்படித் தவிக்க விட்டதுக்கு என்னை என்ன வேணும்னாலும் சொல்லு. எழுதறதுக்குக் கை சும்மா இல்ல. ஞானஸ்நானம் கொடுத்த ரெண்டாம் நாள்ல இருந்து மூச்சு மறக்கறது குறைஞ்சுது. மருந்து பிடிச்சுடுச்சுன்னார் டாக்டர். நான் எதுவும் வாதாடல. அப்புறம் பெரிய சிஸ்டர், "சட்டையைக் கழட்டிட்டு நாற்காலியில சாய்ஞ்சு உக்காருங்க"ன்னு சொல்லி, அவளைத் தூக்கி என் நெஞ்சு மேல படுக்க வெச்சுப் போர்த்திட்டாங்க. பகலெல்லாம் நான், அப்புறம் இவ, மறுபடியும் நான். அசையக் கூடாது. போன் வீட்டு அலமாரியில கிடந்துச்சு. உலகத்துல போன்னு ஒண்ணு இருக்கறதே மறந்துபோச்சு.

நாலாவது ஞாயித்துக்கிழமை காலையில நீல லைட்டை நிறுத்தினாங்க. "எலக்ட்ரீஷியனே வந்து சுவிட்சை அணைங்க"ன்னாங்க பெரிய சிஸ்டர். அணைச்சேன். திடீர்னு அறை சாதாரணமாயிடுச்சு. ஜன்னல் வெளிச்சம் மட்டும். மேகமூட்டமான நாள், அப்படி ஒண்ணும் பெரிய வெளிச்சம் இல்ல. கண்கட்டை அவிழ்த்தாங்க. கொஞ்ச நேரம் நெத்தியைச் சுருக்கிக்கிட்டே கிடந்தா. அப்புறம் ஒரு கண்ணைத் திறந்தா, யாரோ கடன்காரன் வந்திருக்கானான்னு பார்க்கற மாதிரி. அப்புறம் இன்னொண்ணு. ஜன்னல் பக்கம் திரும்பி அப்படியே பார்த்துக்கிட்டு இருந்தா. இவ்வளவு பேர் நிக்கறோம், எங்களை ஒருத்தரையும் பார்க்கல. வெளிச்சத்தைத்தான் பார்த்தா. ஆயாம்மா துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க.

நாலாவது திரியை ஏத்த வீட்டுக்குப் போகல. கிறிஸ்மஸ் அன்னைக்குக் காலையில இவ கோயிலுக்குப் போகணும்னா. ஸ்கூட்டரை நிறுத்திட்டு வழக்கமா உக்கார்ற இடத்துல உக்காந்தேன். உள்ளே பாட்டு ஆரம்பிச்சுது. எழுந்து போனேன். கடைசி பெஞ்சுல இடம் இருந்துச்சு.

இவ எழுதணும்கறா, இந்தா:

*அக்கா, உங்க பேரைக் கேக்காமலே எடுத்துக்கிட்டதுக்கு மன்னிச்சிடுங்க. உங்களை மாதிரியே பிடிவாதம். பால் குடிக்கிறா. நீங்க அன்னைக்கு ஒண்ணும் கேக்காம இருந்தது எனக்குப் பெரிய உதவி. – உங்க தம்பி வீட்டுக்காரி*

ஈஸ்டருக்கு முந்தின பெரிய நோன்பு முடிஞ்சதும் கூட்டிக்கிட்டு வர்றோம்.

உன் தம்பி

*

ஏப்ரல் 26

பிரியமுள்ள தம்பிக்கும், தம்பி வீட்டுக்காரிக்கும், சின்னவளுக்கும்,

சமாதானம். பத்திரமாக வீடு போய்ச் சேர்ந்தீர்களா? பஸ்ஸில் அழுதாளா? நான் சுகம்.

நீங்கள் வந்தபோது நான் அதிகம் பேசவில்லை. இருபது வருஷம் கழித்து வீட்டு மனுஷர்களைப் பார்க்கிறவள் இப்படியா ஊமையாக நிற்பாள் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். மதர் நம்மைப் பிரித்த கம்பிக் கதவைத் திறந்து குழந்தையை என் கையில் கொடுத்தபோது, சொல்ல நினைத்துவைத்திருந்ததெல்லாம் போய்விட்டது.

அப்போது என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் அந்தப் பக்கம் மதரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். மூன்று மணி வெயில் எனக்குப் பின்னால் ஜன்னலில் இருந்தது. அவளைத் தோளில் சாய்க்கத் திரும்பினேன். வெயில் அவள் காதுக்குப் பின்னால் வந்தது. அந்தச் சின்னக் காது முழுக்கச் சிவந்துபோய், உள்ளேயிருந்து ஏற்றிவைத்தது மாதிரி ஒளிர்ந்தது. முடியைவிட மெல்லிய நரம்பெல்லாம் தெரிந்தது. அதற்குள்ளே ரத்தம் போய்க்கொண்டிருந்தது. நான் அத்தனை வருஷம் மெழுகில் பார்த்தது ஒன்றுமே இல்லை. வெளிச்சம் அவள்மேல் விழவில்லை தம்பி, அவளுக்குள் குடியிருந்தது. ஆண்டவர் மாம்சமாகி வந்தார் என்று தினமும் வாயால் சொல்கிறோம். அது என்னவோ, அது அந்த நிமிஷத்தில் என் தோளில் சாய்ந்திருந்தது.

வெயில் நகரக் கூடாது என்று நானும் அசையாமல் நின்றேன். அவள் என் முக்காட்டின் ஓரத்தைப் பிடித்து வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தாள்.

அக்கா